யானை வருகிறது என்று எழுதி அனுப்பியவள்

ஆறு வருடங்களுக்கு முன், ஒரு மழைக்காலக் காலை. கூடலூர் பக்கம், ஸ்ரீமதுரையை அடுத்த ஒரு தேயிலை எஸ்டேட். என் கம்பெனி பிழைக்குமா, மூடுமா என்பது அன்று ஒரே ஒரு மனிதர் தலையாட்டுவதில் இருந்தது.

அத்தா ஊட்டி மார்க்கெட்டில் உருளைக்கிழங்கு விற்றுப் படிக்கவைத்த மகள் நான். யானை நடமாட்டம் தெரிந்ததும் தொழிலாளர்களின் செல்போனுக்கு எச்சரிக்கைச் செய்தி அனுப்பும் ஒரு ஆப் செய்திருந்தேன். கையிலிருந்த பணமெல்லாம் அதில் கரைந்துவிட்டது. பெங்களூரிலிருந்து ஒரு முதலீட்டாளர் நேரில் பார்க்க வந்திருந்தார். ரோட்டில் நின்று அவருக்கு ஒரு சோதனைச் செய்தி அனுப்பிக் காட்டுவதாக ஏற்பாடு.

சோதனைக்கு அவசியமே இல்லாமல் போனது. கீழே ஓடைக்கரையில் நின்ற எஸ்டேட் காவலாளி நிஜமாகவே ஒற்றை யானையைப் பார்த்துவிட்டு, தன் போனில் ஆப்பின் எச்சரிக்கைப் பொத்தானை அழுத்திவிட்டார். என் போனில் செய்தி வந்தது. முதலீட்டாளர் போனிலும் வந்தது. சரிவில் இலை பறித்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருவர்கூட நிமிரவில்லை.

செருப்பை உதறிவிட்டு, "ஆனை! ஆனை! மேல வாங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். இரண்டு இடத்தில் வழுக்கி விழுந்தேன். அவர்கள் இலையைப் போட்டது போட்டபடி ரோட்டுக்கு ஏறிய சற்று நேரத்தில், அவர்கள் நின்றிருந்த இடத்திலேயே யானை வந்து நின்றது.

ஏன் யாரும் போனைப் பார்க்கவில்லை என்று மூச்சிரைக்கக் கேட்டேன். என் வயதுள்ள ஒரு பெண், நனையாமலிருக்க இடுப்பில் சுற்றிக் கட்டியிருந்த படங்குச் சாக்கை விலக்கி, உள்ளே பிளாஸ்டிக் கவரில் சுருட்டி வைத்திருந்த போனைக் காட்டினாள்.

"ஏனுங்க, கையப் பாருங்க. மழையும் இலைக் கறையும். இந்தக் கையில தேச்சா அது அசையாதுங்க. ஆனை வருதுன்னா கூப்புட்டுச் சொல்ல மாட்டீங்களா? லெட்டரா போடுவீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. ஒன்றரை வருடமாக ஆபீஸில் உட்கார்ந்து ஆப் செய்தவள், மழையில் இலை பறிக்கிற கையை ஒருநாளும் வந்து பார்க்கவில்லை.

முதலீட்டாளர் அசரவில்லை. ஆப் சரியாகத்தான் வேலை செய்தது, போனைப் பார்க்காதது அவர்கள் தப்பு என்றார். கூப்பிட்டுச் சொல்வதெல்லாம் பழைய சங்கதி, ஆப் மட்டும் போதுமென்றால் இப்போதே பணம் தயார் என்று ஒப்பந்தப் பேப்பரை நீட்டினார்.

"அவங்க தப்பில்லைங்க, என் தப்பு. என் தப்புக்கு நீங்க பணம் தர வேண்டாம்" என்று பேப்பரை அவர் கையிலேயே திணித்தேன்.

வீடு தேடி வந்த மகாலட்சுமியை உதைத்துவிட்டாள் என்று கடைத்தெருவே பேசியது. பேசட்டும். காரை விற்றேன், ஆபீஸைக் காலி செய்தேன். சாதாரண பட்டன் போனாக இருந்தாலும், எடுக்கும்வரை விடாமல் மணியடித்து, தமிழிலும் மலையாளத்திலும் குரலில் சொல்கிற மாதிரி முதலிலிருந்து செய்தேன். அது ஓடியது. பிறகு அந்தக் கம்பெனியை நல்ல விலைக்கே விற்றேன்.

இப்போது குன்னூரில் நானும் ஒரு முதலீட்டாளர். பணம் கேட்டு வருகிறவர்களிடம், உங்கள் பொருளை யார் பயன்படுத்தப்போகிறார்களோ அவர்கள் வேலை செய்யும் இடத்துக்கு, அதுவும் மழைநாளில், என்னைக் கூட்டிப்போங்கள் என்பேன். இது என்ன கிறுக்குத்தனம் என்று என் கூட்டாளிகள் முகம் சுளிக்கிறார்கள். சுளித்துக்கொள்ளட்டும். அன்று அந்தப் பேப்பரில் கையெழுத்துப் போட்டிருந்தால், அடுத்த மழையில், தொழிலாளர்கள் குடியிருக்கும் எஸ்டேட் லைனில் எந்த வீட்டுச் சாவுக்குப் போய், எந்த முகத்தோடு நின்றிருப்பேன்?