விரலுக்கு எட்டும் ரயில் பெட்டி

பார்வை முழுவதுமாகப் போன பிறகு என் கணவர் ஒன்பது மாதம் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. ஆஸ்பத்திரிக்கு மட்டும் ஆட்டோவில் போய் வருவார். நீலசந்திராவில் எங்கள் வீடு முதல் மாடியில் இருக்கிறது. படியிறங்கினால் நேரே தெருதான். பைக், தள்ளுவண்டி, யாரோ குழாய்க்காகத் தோண்டி மூடாமல் விட்ட பள்ளம். "எதுக்கு வம்பு" என்று ஜன்னலோர நாற்காலியிலேயே உட்கார்ந்துவிடுவார்.

இருபத்தெட்டு வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். கிளாக்கோமா என்று டாக்டர் சொன்னபோதே பக்கவாட்டுப் பார்வை பாதிக்குமேல் போயிருந்தது. ஒரு நாள் ஓடும் வண்டியில், நடைபாதையில் யாரோ வைத்திருந்த டிரங்குப் பெட்டியில் இடறி, படுத்திருந்த ஓர் அம்மாளின் மேலேயே விழுந்தார். திரும்பி வந்ததும் விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

நான் ஒரு கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். இனிமேல் கட்டப்போகிற அபார்ட்மெண்டை அட்டையிலும் மரத்திலும் சின்னதாகச் செய்து வாடிக்கையாளருக்குக் காட்ட வேண்டும், அதுதான் என் வேலை. அந்த வருடம் எங்கள் கல்யாண நாளுக்கு அவருக்கு ஒரு ரயில் பெட்டி செய்து கொடுக்கலாம் என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமைகளில் அலுவலகத்துக்குப் போய் மூன்று மாதம் உட்கார்ந்தேன். முழங்கை நீளத்தில் ஒரு ஸ்லீப்பர் பெட்டி. அடர்நீலம், வெளிர்நீலம் என இரண்டு நிறம். நான்கைந்து மயிரே உள்ள தூரிகையால் பெட்டி எண்ணை வெள்ளையில் எழுதினேன். கூட வேலை செய்கிறவர்கள் எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

கல்யாண நாளன்று காலையில் அதை அவர் மடியில் வைத்தேன். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை மெதுவாகத் தடவினார். மறுபடி தடவினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"பெயிண்ட் வாசனை நல்லா இருக்கு" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. கண் வலிக்க எழுதிய எண்ணை அவர் விரல் சும்மா தாண்டிப் போனது. ஜன்னல் என்று நான் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளும் அவருக்கு ஒரு வழவழப்பு, அவ்வளவுதான். முதலில் அவர்மேல்தான் கோபம் வந்தது. மத்தியானம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது என்மேலேயே வந்தது. பார்வை இல்லாத மனிதருக்குப் பார்ப்பதற்காக ஒன்றைச் செய்து கொடுத்திருக்கிறேன்.

இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டார். கூரையைக் கழற்ற முடியுமா என்று கேட்டார். முடியாது, ஒட்டிவிட்டேன் என்றேன். வெட்டு என்றார். கத்தியை வைத்து விளிம்போரமாக அறுத்து எடுத்துக் கொடுத்தேன். உள்ளே விரலை விட்டுப் பார்த்தார்.

"உள்ள ஒண்ணுமே இல்லையேம்மா. நான் என்ன வெளியில நின்னா வேலை பார்த்தேன்?"

ரொம்ப நாளைக்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம். அடுத்த ஞாயிறே புதுப் பெட்டியைத் தொடங்கினோம்.

இந்த முறை நிஜத்தில் இருபதில் ஒரு பங்கு. ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் அதிக நீளம், பதினாறு சென்டிமீட்டர் அகலம், கழற்றி வைக்கும் கூரை. இரண்டு விரல் நடைபாதையில் நடந்து போகலாம். பெயிண்டே கிடையாது. ஜன்னல் கம்பிகளுக்கு மெல்லிய இரும்புக் கம்பி, படுக்கைகளுக்குப் பழைய கைப்பையின் ரெக்ஸின், நடுப்படுக்கையைத் தாங்கும் சங்கிலிக்கு சிவாஜி நகரில் வாங்கிய கவரிங் செயின். படுக்கைகள் எழுபத்திரண்டு. நான் மரத்தை அறுத்துக் கொடுப்பேன், அவர் உப்புத்தாளில் தேய்ப்பார். முதல் நாள் நான்கு தேய்த்தார். பிறகு நான் அலுவலகம் போய் வருவதற்குள் பத்து, பன்னிரண்டு தயாராக இருக்கும். தேய்த்ததைக் கட்டைவிரலால் தடவி, இது ஒரு மயிரிழை தடிமன் என்று திருப்பிக் கொடுப்பார். அளந்து பார்த்தால் சரியாகத்தான் சொல்லியிருப்பார்.

சண்டையும் வந்தது. மேல்படுக்கைக்கு ஏறும் ஏணிப்படி எந்த உயரத்தில் தொடங்குகிறது என்பதில் நான் ஒன்று சொன்னேன், அவர் ஒன்று சொன்னார். இன்டர்நெட்டில் கிடைத்த வரைபடத்தைப் படித்துக் காட்டினேன். அந்த வரைபடம் போட்டவன் வண்டியில் ஏறியிருக்கவே மாட்டான் என்றார். கையிலிருந்த உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டு, "நேர்ல போய் அளந்துட்டு வந்துடலாம்" என்றார்.

நான் ஆச்சரியத்தைக் குரலில் காட்டிக்கொள்ளவில்லை. எந்த வண்டியில் இன்னும் பழைய நீலப் பெட்டி ஓடுகிறது என்று அவரே நண்பருக்குப் போன் போட்டு விசாரித்தார். கன்டோன்மென்ட் ஸ்டேஷனிலிருந்து ஜோலார்பேட்டை வரை இரண்டு டிக்கெட் போட்டேன்.

ஸ்டேஷனில் அவர் என் கையைப் பிடித்த பிடியில் வலித்தது. போர்ட்டரின் சத்தம், சூட்கேஸ் சக்கரங்கள், இடித்துக்கொண்டு ஓடுகிறவர்கள். நெற்றி முழுக்க வியர்த்துவிட்டது. திரும்பிவிடலாமா என்று கேட்க வாயெடுத்தேன், அதற்குள் வண்டி வந்துவிட்டது. கைப்பிடியில் அவர் கையை வைத்தேன். மூன்று படி. உள்ளே ஏறியதும் என் கையை விட்டுவிட்டார்.

இடது புறங்கை படுக்கைகளின் ஓரத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்க, நடைபாதையில் நடக்க ஆரம்பித்தார். நான் பின்னால் ஓடினேன். நீட்டியிருந்த ஒரு காலைக்கூட மிதிக்கவில்லை. எங்கள் இடத்தருகே நின்று, கருப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். எதிரே இரண்டு பையோடு வந்த ஒருவர், இவர் நின்ற தோரணையைப் பார்த்துவிட்டு, "நாற்பத்தேழு எங்க சார் வரும்?" என்று கேட்டார்.

"ஆறாவது தடுப்பு, சைடு லோயர். என் பின்னாடியே வாங்க."

கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தார். உட்கார்ந்ததும் என் பக்கம் சாய்ந்து, மெதுவாகக் கேட்டார். "எனக்குக் கண்ணு தெரியாதுன்னு அந்த ஆளு கண்டுபிடிச்சாரா?"

"இல்லங்க."

அவர் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்துவிட்டு நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பங்காருப்பேட்டை தாண்டும் வரைக்கும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. அதன் பிறகுதான் அளவுநாடாவை எடுத்தோம். அவர் பிடித்துக்கொண்டார், நான் எழுதினேன். ஏணிப்படி விஷயத்தில் நாங்கள் இரண்டு பேரும் சொன்னது தப்பு.

அந்தப் பயணத்துக்கு அடுத்த வாரம், வெள்ளைக்கோல் பிடித்து நடக்கப் பழக்கும் ஒரு பயிற்சி மையத்தில் பெயர் கொடுத்தார். டாக்டர் ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த இடம்தான். முதல் மாதம் கீழ்வீட்டு வாசலுக்கும் பால் கடைக்கும் நடுவிலேயே பழகினார். ஒரு தடவை ஸ்கூட்டரில் மோதி முட்டி சிராய்த்துக்கொண்டு வந்தார். இனி போக மாட்டார் என்று நினைத்தேன். மருந்து தடவிக்கொண்டு சாயங்காலமே மறுபடி இறங்கிவிட்டார்.

பெட்டி முடிய ஏழு மாதம் ஆனது. முடிந்ததும் வீட்டில் எங்கே வைப்பது என்று நான் யோசித்தபோது, மையத்துக்குக் கொண்டுபோகலாம் என்றார். அங்கே வருகிறவர்களில் பலர் நன்றாகச் சம்பாதிக்கிறவர்கள், ஆனால் ரயிலில் ஏறினால் யாராவது தோளைப் பிடித்து இருக்கையில் அழுத்தி உட்காரவைத்துவிட, இறங்கும் வரை அங்கேயே இருப்பார்களாம். பெட்டி எப்படியிருக்கும் என்று முழுதாகத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

அங்கே வருகிறவர்களில், ஒரு வங்கியில் தொலைபேசிப் பிரிவில் வேலை செய்யும் பெண் மாதம் ஒருமுறை சேலத்துக்குப் போகிறவர். அவர் எங்கள் பெட்டியை அரைமணி நேரம் தடவித் தடவிப் பார்த்தார். கழிப்பறைக் கதவைத் திறந்து மூடினார். நடுப்படுக்கையைத் தூக்கிச் சங்கிலியில் மாட்டிவிட்டு, "இவ்ளோதானா?" என்றார். என் கணவர் அவருக்குக் கணக்கைச் சொன்னார். எட்டெட்டாக எண்ணிக்கொண்டு போக வேண்டும். ஒவ்வொரு தடுப்பிலும் எட்டுப் படுக்கை. புதுப் பெட்டிகளில் ஒரு தடுப்பு கூடுதல், எண்ணும் முறை அதேதான்.

அடுத்த மாதம் என் அலுவலகத்துக்கு என் கணவரிடமிருந்து போன் வந்தது. பின்னணியில் பஸ்ஸின் ஹார்ன் கேட்டது. மையத்திலிருந்து தனியாக வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்.

"அந்தம்மா சேலம் போயிட்டு வந்துட்டாங்க. கதவுலேர்ந்து சீட்டு வரைக்கும் தானே போனாங்களாம். ஒருத்தர் கைய பிடிக்க வந்திருக்கார். வேணாங்க, எனக்கு வழி தெரியும்னு சொல்லிட்டாங்களாம்."

இப்போது மையத்தில் மெட்ரோ பெட்டி கேட்கிறார்கள். தரைப்பலகையும் இரண்டு கதவும் முடிந்துவிட்டன. கதவருகே பிடித்துக்கொள்ளும் கம்பியை நான் தள்ளி வைத்துவிட்டேன் என்கிறார் அவர். நாளைக் காலை ஒன்பது மணிக்கு டிரினிட்டி மெட்ரோ ஸ்டேஷனில் ஏறிப் பார்க்கப்போகிறோம். ஒன்பது மணிக்கா, கூட்டம் நெரியுமே என்றேன்.

"நெரிஞ்சா நல்லது. கூட்டத்துலதானே கம்பி எங்க இருக்குன்னு தெரியணும்" என்றார்.