திரைக்கு இரண்டு பக்கமும் மைக்

காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றாமல்தான் சோறு தின்பார் முகமது அனஸ். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில் ரெக்கார்டிங் கடை. கேசட்டெல்லாம் சிடியாகிவிட்ட இந்தக் காலத்தில், கல்யாண வீட்டுப் பதிவில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கும் குரல்களைக் கம்ப்யூட்டரில் போட்டு, ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுப்பது அவர் தொழில்.

“ரெண்டு மைக்கு வேணும் பாய். ஒரு ஆளு கொரலு ஒண்ணுல தூக்கலா இருக்கும், இன்னொண்ணுல கம்மியா இருக்கும். அந்த வித்தியாசத்த வச்சு கம்ப்யூட்டரு கணக்குப் போட்டுப் பிரிச்சிரும். ஒத்தக் காதுல கேட்டா கொழப்பந்தான்” என்பார் கடைக்கு வருகிறவர்களிடம்.

வீட்டில் அவருக்கு ஒற்றைக் காதுதான். ரேடியோ அறிவிப்பாளர் பேச்சுக்கு மனைவி இஃப்பத் சிரித்துவிட்டாள் என்று பேட்டரியைக் கழற்றி ஒளித்தவர்.

“ரேடியோக்காரனோடயுமா மச்சான் சண்ட?”

“அவன் கொரலே சரியில்ல.”

போன மாதம் லெப்பைக்குடிகாட்டில் உறவுக்காரர் வீட்டு நிக்காஹ். ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவில் திரை. திரைக்கு இரண்டு பக்கமும் மைக் வைத்தவர் அவரே. கூட்டச் சத்தத்தில் அங்கே அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை; கடைக்கு வந்து போட்டுக் கேட்டால், தட்டுச் சத்தத்துக்கு நடுவே இஃப்பத்தின் குரல், கொஞ்சலாக: “மச்சான், சாப்ட்டீங்களா?”

கூடவே ஓர் ஆண் குரல்: “...இல்ல, தங்க... நீயே வந்து போடு.”

விடுபட்ட இடத்தில் ‘ம்’ சேர்த்துத் ‘தங்கம்’ என்று கேட்டது அவர் காது. கல்யாணத்துக்கு வந்திருந்த மாமா பிள்ளைகள் எல்லாருமே அவளுக்கு மச்சான்தானே.

அன்றிலிருந்து பேச்சில்லை. அவள் தினமும் கொடுத்தனுப்பிய டிபன் பாக்ஸ் திறக்கப்படாமலே வீடு திரும்பியது.

“சோறு என்ன பாவம் பண்ணிச்சு?” என்றாள்.

குரலைப் பிரித்தால் குடும்பமும் பிரிந்துவிடுமோ என்று அந்தப் பதிவைத் தொடாமலே வைத்திருந்தார் அவர்.

பொறுக்கமாட்டாமல் ஒருநாள் ஷட்டரை இறக்கிவிட்டுப் பிரித்தார். முதலில் அந்த ஆண்: “உப்பே இல்ல, தங்கராசு. நீயே வந்து போடு.” உதவியாளை அதட்டும் பிரியாணி சமைக்க வந்த பண்டாரி.

அடுத்து, தனியாக அவள்: “மச்சான், சாப்ட்டீங்களா? காதுல மாட்டிக்கிட்டுத்தான இருப்பீங்க, கேக்கட்டும்னு மைக்குல சொல்றேன். வேல கெடக்கட்டும், மொதல்ல சாப்புடுங்க.”

திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். தனக்கென்று ஒரு பிரதி எடுத்துக்கொண்டார். பிறகு, கல்யாண வீட்டுக்குப் போகவேண்டிய சிடியில் பண்டாரியின் உப்பை அப்படியே விட்டுவைத்து, இஃப்பத்தின் குரலை மட்டும் சுத்தமாக அழித்துவிட்டு, டிபன் பாக்ஸைத் திறந்தார்.