என் பெயரில் அவன் எழுதியது

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் நானும் என் கூட்டாளி ஒருவனும் ஒரே செக்‌ஷனில் வேலை பார்த்தோம். தைத்து வரும் ஷூக்களில் நூல் பிரிந்திருக்கிறதா, பசை வழிந்திருக்கிறதா என்று பார்த்து அனுப்ப வேண்டும். ஞாயிறு சர்ச் முடிந்ததும் பஜாரில் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போவோம். கூட்டாளிகள் எல்லோரும் ஒரே வலைத்தளத்தில் கணக்கு வைத்து, ஒருவர் பக்கத்தில் ஒருவர் எழுதிக்கொண்டிருந்த காலம். கணக்கை மூடாமல் எழுந்து போனால் தொலைந்தோம். அடுத்தவன் உட்கார்ந்து நம் பெயரில் கண்டதையும் எழுதிவிடுவான்.

ஒரு ஞாயிறு அப்பா போனில் கூப்பிட்டார். வெளியே போய்ப் பேசிவிட்டு வருவதற்குள் அவன் என் நாற்காலியில் இருந்தான். "எனக்குப் பொண்ணு பாக்குறாங்க, யாரா இருந்தாலும் ஓகே" என்று கூட்டாளிகள் பக்கத்திலெல்லாம் எழுதி வைத்திருந்தான். திட்டிக்கொண்டே அழித்தேன். குவைத்தில் நர்ஸாக இருந்த என் அக்காவின் பக்கத்திலும் எழுதியிருக்கிறான் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

சாயங்காலம் அக்கா போன் செய்தாள்.

"இன்னாடா, இப்படி எழுதிட்ட?"

"இன்னா எழுதினேன்?"

அவளே படித்தாள். "அக்கா, நீ போனதுலேர்ந்து வீட்ல என்னைத் திட்ட ஆளில்ல. ஒரே பேஜாரா இருக்கு. லீவு போட்டு வந்து நாலு திட்டு திட்டிட்டுப் போ."

பிறகு சொன்னாள்: "டூட்டி ரூம்ல உக்காந்து அழுதுட்டேன்டா. ஒரு வாட்டியாவது நீ இப்படிக் கேட்டிருக்கியா?"

"அது நான் எழுதல. அவன் விளையாட்டுக்கு எழுதிட்டான்."

அதைக் கேட்டுச் சிரித்துவிட்டாள். "அவனுக்கு அக்கா இருக்காளா?"

"இல்ல. ரெண்டும் அண்ணனுங்க."

"அவன் நம்பர் குடு."

கொடுத்தேன். வயிறு எரிந்தது. 'எப்படி இருக்க, இங்க எல்லாரும் சௌக்கியம்' என்பதற்கு மேல் நான் அவளுக்கு எழுதியதே இல்லை. அடுத்த ஞாயிறு அவனைப் போலவே எழுத உட்கார்ந்தேன். எது எழுதினாலும் அவனுடைய பேச்சாகவே வந்தது. அழித்துவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் கம்பெனியில் அவன் கேட்டான். "அக்கா பேசினாங்கடா. அவங்களுக்கு முதுகு வலி ஜாஸ்தியாமே, உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. தெரியும் என்றேன். அன்று பழுதில்லாத ஷூக்களைக்கூட ரிஜெக்ட் பெட்டியில் வீசினேன்.

அந்த வருஷமே அக்கா லீவில் வந்தாள். ஸ்டேஷனுக்கு அவனும் வந்து அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டான். நான் இருவரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டாள். "உனக்கு இன்னாடா கோவம்?"

"உன் புதுத் தம்பிகிட்டப் போய்க் கேளு."

"பொறாம புடிச்சவனே," என்று தலையில் குட்டினாள். பழைய மாதிரியே வலித்தது. ஆனாலும் மனம் ஆறவில்லை.

இப்போதும் ஊருக்கு வந்தால் அவன் வீட்டில் அவளுக்கு ஒருவேளைச் சாப்பாடு உண்டு. என்னையும் கூப்பிடுவார்கள், போவேன். அவர்கள் பேச்சில் எனக்குத் தெரியாத சங்கதி ஏதாவது ஒன்று வரும். தெரிந்தவன் மாதிரி தலையாட்டிக்கொண்டு சாப்பிடுவேன்.