கப்பல் நிற்கவில்லை

கண்டக்டர் இரண்டு விசில் கொடுக்க, செஞ்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து வண்டி கிளம்பியது. எனக்கு நைனா ஞாபகம் வந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சரக்குக் கப்பலின் அடித்தட்டில் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்டவர். அனந்தபுரம் சந்தைக்குக்கூட வெயிலில் என்னை நடத்தியேதான் கூட்டிப் போவார். ஒருநாள் கால் கொப்பளித்து அழுதேன்.

"இன்னா நைனா, பஸ்ல போலாமே?"

"அந்த விசில் எனக்கு ஆவாது. அட்லாண்டிக் கடல்ல முன்னால போன கப்பல ஜெர்மன்காரன் நீர்மூழ்கி ஒடச்சிடுச்சு. தண்ணியில கெடந்தவனுங்க மெதவ சட்டயில இருந்த விசில ஊதி ஊதிக் கூப்ட்டானுங்க. நின்னா எங்களயும் அடிப்பான், நிக்கக் கூடாதுன்னு உத்தரவு. மேல வந்து பாத்தேன். பாத்துட்டு, எறங்கிப் போயி கரி போட்டேன்."

பஸ்ஸுக்குப் பின்னால் கைக்குழந்தையோடு ஒருத்தி கையை ஆட்டியபடி ஓடி வந்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பார்த்துவிட்டு, டிக்கெட்டுக்குச் சில்லறை தேடினேன்.