புது கியர்பாக்ஸும் மூணு நாள் மௌனமும்

நாலு வருஷத்துக்கு முன்னாடி, மாசி மாசக் கடைசி. கொடைக்கானல் பக்கத்துல பள்ளங்கியில, எங்க பூண்டுத் தோட்டத்துல நடந்தது. இதை முழுசா யார்கிட்டயும் சொன்னதில்ல. இன்னைக்குத்தான் எழுதணும்னு தோணுச்சு.

எங்களோடது படிப்படியா வெட்டின சரிவு நிலம். பெரிய டிராக்டர் உள்ள நுழையாது. அதனால, கொடைக்கானல்ல ஒரு பங்களாக்காரங்க வித்த பழைய குட்டி டிராக்டரை வாங்கி வச்சிருந்தேன். தோட்டத்துல புல் வெட்ட எந்தக் காலத்துலயோ கப்பல்ல வந்து இறங்கின வண்டியாம். அதுக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயசுதான் இருக்கும். பேருக்குத்தான் என் வண்டி. நான் மூட்டையை ஏத்திக்கிட்டு வடுகபட்டி சந்தைக்குப் போயிருவேன், தோட்டத்துல அதை ஓட்டுறது முழுக்க என் வீட்டுக்காரிதான்.

வயசான வண்டி, கியர் மாத்தினா கறகறன்னு பல்லைக் கடிக்கும். பின் சக்கரத்து அச்சு, அதான் பின்னச்சு, ரெண்டு தரம் வளைஞ்சிருச்சு. "நாலு மூட்டையோட நிறுத்திக்கிட்டா அது பாட்டுக்கு ஓடப்போகுது, விடுங்க"ன்னு அவ சொன்னா. எனக்கு நாலு பத்தாது, பின்னாடி டிரெய்லர்ல எட்டு மூட்டை வச்சு இழுக்கணும். நான் ஒண்ணு நினைச்சுட்டா அப்புறம் யார் பேச்சும் காதுல ஏறாது. என் குணம் அப்படி. ஒரு நாள் வெள்ளனே, அவகிட்ட ஒரு வார்த்தைகூடச் சொல்லாம, வண்டியை மினி லாரியில ஏத்திப் பழனிக்குக் கொண்டு போயிட்டேன்.

அங்க ஒரு பாயோட பழைய இரும்புக் கடையில, உடைச்சுப் போட்ட ஜீப்போட கியர்பாக்ஸும் பின்னச்சும் கெடைச்சுச்சு. பக்கத்துப் பட்டறை மெக்கானிக், அச்சை ரெண்டு பக்கமும் அறுத்துச் சுருக்கி, பத்து நாள்ல பொருத்திக் கொடுத்தாரு. அதுவரைக்கும் வண்டி ரிப்பேருக்குப் போயிருக்குன்னு மட்டும் வீட்டுல சொல்லி வச்சிருந்தேன். அச்சைச் சுருக்கினதுல சக்கரத்துப் பக்கம் பிரேக் வைக்க இடமில்லாமப் போச்சு. அதுக்குப் பதிலா என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல ஒரு பிரேக் வச்சாரு.

கிளம்புறப்ப என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னாரு: "அண்ணே, கியர்ல இருந்தாத்தான் இந்தப் பிரேக் சக்கரத்தைப் பிடிக்கும். நியூட்ரல்ல விட்டா பிரேக்கே இல்லேன்னு வச்சுக்கங்க. அடுத்த மாசம் வாங்க, சக்கரத்துக்கும் போட்டுத் தர்றேன். அதுவரைக்கும் ஓட்டுறவங்க எல்லாருக்கும் சொல்லிருங்க."

சரின்னுட்டு வந்தேன். வண்டியைப் பார்த்ததும் அவளுக்கு வந்துச்சே கோவம்! "தெனம் ஓட்டுறது நான். என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா?" நியாயமான கேள்விதான். அதனாலயே எனக்கு ரோஷம் பொத்துக்கிட்டு வந்துச்சு. "உனக்கென்ன தெரியும் வண்டியைப் பத்தி, போடி சோலியப் பாத்துக்கிட்டு"ன்னு கத்திட்டேன். அதோட பேச்சு நின்னு போச்சு. தட்டைக் கொண்டாந்து வைப்பா, போயிருவா. பொண்ணு திண்டுக்கல்ல ஹாஸ்டல்ல தங்கிப் படிக்குது, நடுவுல தூது போகவும் ஆளில்ல. இப்படியே மூணு நாள்.

பிரேக் விஷயம் மூணு நாளும் என் தொண்டையிலதான் நின்னுச்சு. நானா வாயைத் திறந்தா தோத்த மாதிரி. அவ வண்டியை எடுக்கும்போது எப்படியும் ஏதாச்சும் கேப்பா, அப்பச் சொல்லிக்கலாம்னு இருந்தேன்.

அவ கேக்கல. நாலாம் நாள் காலையில சாவியை எடுத்தா, வண்டியைக் கிளப்பினா, மேல் தோட்டத்துல அறுத்து வச்சிருந்த பூண்டு மூட்டையை ஏத்தப் போயிட்டா. நான் காபி குடிச்சுக்கிட்டு சன்னல் வழியாப் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். கூப்பிட்டிருக்கலாம். அந்தப் பாழாப்போன வீம்பு விடல.

ஏறும்போது கியர்ல போகும், பயமில்ல. கொஞ்ச நேரங்கழிச்சு, வண்டி இறங்கத் தொடங்குற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் சத்தம் நின்னுருச்சு. எங்க பக்கம் இறக்கம் வந்தா என்ஜினை அணைச்சு நியூட்ரல்ல விட்டுத்தான் வருவோம், பெட்ரோல் மிச்சம். அவளுக்கு ஓட்டப் பழக்கிவிட்டதே நான்தான். நியூட்ரல்ல விடச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான்.

செருப்புகூடப் போடாம ஓடினேன். "கியர்ல போடு! கியர்ல போடு!"ன்னு தொண்டை கிழியக் கத்தினேன். மூணு நாள் கழிச்சு அவகிட்ட நான் பேசின முதல் பேச்சு அதுதான். பனி மூட்டத்துக்குள்ள அது அவ காதுக்குப் போகல. பின்னாடி எட்டு மூட்டை கனம் தள்ள, வண்டி பறந்து வந்துச்சு. ஒரு பக்கம் மலைமேடு, ஒரு பக்கம் அதல பாதாளம். அவ கெட்டிக்காரி, மேட்டுப் பக்கமா ஒடிச்சுட்டா. வண்டி மேட்டுல மோதிக் கவுந்துச்சு. வலது கால் அடியில மாட்டிக்கிச்சு.

பக்கத்துத் தோட்டத்துல களை எடுத்துக்கிட்டிருந்தவங்கதான் ஓடியாந்து வண்டியைத் தூக்கினாங்க. ஒரு ஜீப்புல போட்டுக்கிட்டு கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவ தலையை என் மடியில வச்சிருந்தேன். வலியில உதட்டைக் கடிச்சுக் கடிச்சு ரத்தம் வந்திருந்துச்சு. பாதி வழியில என் சட்டையைப் பிடிச்சு இழுத்து, மெதுவாச் சொன்னா:

"ஏங்க, அந்த வண்டியில நியூட்ரல்ல பிரேக் பிடிக்கலைங்க. நீங்க தெரியாம எடுத்துறாதீங்க."

எனக்கு அப்பவே செத்துறலாம் போல இருந்துச்சு. ஜீப்புல இருந்தவங்க பார்க்கப் பார்க்க ஓன்னு அழுதேன். காலைப் பார்த்து அழுறேன்னு அவங்க நினைச்சிருப்பாங்க.

கால்ல ரெண்டு இடத்துல முறிவு, உள்ள கம்பி வச்சாங்க. மூணாம் நாள் வார்டுல வச்சு உண்மையைச் சொல்லிட்டேன். "தெரிஞ்சேவா இருந்தீங்க?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டா. ஆமான்னு தலையை ஆட்டினேன். சுவத்துப் பக்கமாத் திரும்பிப் படுத்துக்கிட்டா. மெக்கானிக் மேலயும் வண்டி மேலயும் சொந்தக்காரங்க பழி போட்டப்ப, நான்தான் குறுக்க விழுந்து என் தப்புன்னேன். என்ன தப்புன்னு மட்டும் அவளும் சொல்லல, நானும் சொல்லல.

இப்ப நாலு சக்கரத்துக்கும் பிரேக் இருக்கு. காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தாலும், வண்டியை இன்னும் அவதான் ஓட்டுறா. நாலு மூட்டைக்கு மேல ஏத்துறதில்ல. மன்னிச்சுட்டேன்னு அவ சொன்னதில்ல, கேக்க எனக்கும் வாய் வரல. சண்டை இப்பவும் வருது, ஆனா அவ சாவியை எடுத்துட்டா என்ன கோவம் இருந்தாலும் வாசல் வரைக்கும் போயி "பாத்துப் போ"ன்னு சொல்லிட்டுத்தான் திரும்புவேன். நான் மூணு நாள் வீம்புல வாய்க்குள்ள அடக்கி வச்ச அதே வார்த்தையை, கால் ஒடிஞ்சு கெடந்தவ முதல் பேச்சா எனக்காகச் சொன்னாளே, அதை நினைச்சா இன்னைக்கும் எனக்குச் சோறு இறங்காது.