அழிக்கும் முன் கேட்ட கேள்வி

புனேயில் தமிழில் சொல்லப்பட்ட எதையும் நான் சந்தேகித்ததே இல்லை. கடையில் இந்தி, வீட்டு வேலைக்கு வருபவரிடம் மராத்தி, அலுவலகத்தில் ஆங்கிலம் என்று நாள் முழுக்க நாக்கைச் சுழற்றிவிட்டு, ஹிஞ்சேவாடியிலிருந்து வாகட் வீட்டுக்குத் திரும்பும் கம்பெனி வண்டியில் பக்கத்து இருக்கைக்காரன் "அக்கா" என்று கூப்பிட்டால் என்ன ஆவேன்? உருகிப்போனேன். திருநெல்வேலிக்காரன், எங்கள் குழுவில் எனக்குப் பிறகு சேர்ந்தவன். ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் அவனுக்கும் சேர்த்துத்தான் உலை வைப்பேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்கள் அவை. கம்பெனிக்காக நான் ஒரு லைப்ரரி எழுதியிருந்தேன். புத்தகம் அடுக்கும் நூலகம் இல்லை. கறுப்புத் திரையில் கட்டளை தட்டி ஓட்டும் நிரல்களுக்கெல்லாம் பொதுவான அடிப்படை. வீட்டுக்கு வீடு மிளகாய் அரைக்காமல் ஒரே இடத்தில் அரைத்து எல்லோருக்கும் கொடுப்பதுபோல. அதில் எனக்குப் பெருமையான விஷயம் ஒன்றுதான். எதையாவது அழிக்கச் சொன்னால், எத்தனை பதிவுகள் அழியும் என்று காட்டி, "அழிக்கலாமா?" என்று கேட்கும். ஆம் என்றால்தான் கை வைக்கும்.

போசரியில் ஓர் உதிரிபாகக் கிடங்கு எங்கள் வாடிக்கையாளர். அங்கே கணினியில் உட்கார்ந்த மராத்திக் குமாஸ்தா அந்தக் கேள்வியை வைத்தே ஒரு வழக்கம் உண்டாக்கியிருந்தார். காலையில் வந்ததும் அழிக்கும் கட்டளையைத் தட்டுவார். எண்ணிக்கை வரும். கிடங்கில் எத்தனை சாமான் பதிவாகியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டு, "வேண்டாம்" என்று தட்டிவிட்டு டீ குடிக்கப் போவார். முதல் தடவை பார்த்ததும் அவர் கையைத் தடுக்கப் போனேன். எண்ணிக்கைக்குத் தனிக் கட்டளை இருக்கிறது என்று காட்டிக் கொடுத்தேன். அவர் சிரித்தார். கேட்காமல் இது எதையும் செய்யாதல்லவா மேடம், அப்புறம் என்ன என்றார். செய்யாது என்று நானும் சொன்னேன்.

பிரசவ விடுப்பில் போகும்போது லைப்ரரியை அந்தத் திருநெல்வேலித் தம்பியிடம் ஒப்படைத்தேன். "எத வேணா மாத்து. அந்தக் கேள்விய மட்டும் தொடாத. போசரிக்காரர் அத நம்பித்தான் இருக்காரு."

"தொடுவனாக்கா?" என்றான்.

குழந்தைக்குப் பல் முளைக்கும் சமயத்தில் வேலைக்குத் திரும்பினேன். லைப்ரரிக்குப் புதிய பதிப்பு வந்திருந்தது. வண்டியில் அவனிடமே கேட்டேன்.

"போசரிக்குப் போடலாமா? கேள்வி இருக்குல்ல? பக்கா?"

"இருக்குக்கா, எங்க போயிரும்? பழைய புரோகிராம் எல்லாம் அப்படியே ஓடும். தைரியமாப் போடுங்க."

போட்டேன். மறுநாள் காலை குமாஸ்தாவின் போன். "மேடம், த்யானே விசாரலச் நாஹி." அது கேட்கவே இல்லை என்கிறார். இருப்புப் பதிவு மொத்தமும் போய்விட்டது.

பிறகுதான் தெரிந்தது. வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்கு நிரல்கள் ஆள் இல்லாமல் தானாக ஓட வேண்டியிருந்தது. அதற்குக் கேள்வி இடைஞ்சல் என்று தம்பி அதை அணைத்து வைத்திருந்தான். வேண்டுமென்பவர்கள் தனியாக இயக்கிக்கொள்ள வேண்டும். அணைத்து வைத்ததை "இருக்குக்கா" என்று சொல்ல எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்!

கிடங்கு முதலாளி குமாஸ்தாவைக் கணினியைவிட்டே எடுத்துவிடுவதாகச் சொன்னார். கட்டளையைத் தட்டியது அவர் கைதானே. தவறு எங்கள் பதிப்பில் என்று நாங்கள் ஒப்புக்கொண்டால் குமாஸ்தா தப்பிப்பார். எங்கள் மேலாளர் கூட்டிய கூட்டத்தில் நான் அதைச் சொல்லிவிட்டுத் தம்பியைப் பார்த்தேன். வண்டியில் சொன்னதை அவன் வாயாலேயே சொல்லிவிட்டால் போதும்.

அவன் என் பக்கம் திரும்பவில்லை. மாற்றத்தை முறைப்படி அறிவித்தாகிவிட்டது, மேடம் கவனித்திருக்க வேண்டும், அழிக்கும் கட்டளையை யாரும் விளையாட்டாகத் தட்டக்கூடாது என்று ஆங்கிலத்தில் அடுக்கினான். மேடம்! என் வீட்டு ரசத்தைக் கையில் ஊற்றச் சொல்லிக் குடித்தவனுக்கு நான் மேடம். நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே, அதை அன்றுதான் அனுபவித்தேன்.

"வண்டில எங்கிட்ட என்னடா சொன்ன?" என்று தமிழில் கத்திவிட்டேன். அந்த அறையில் வேறு யாருக்கும் புரியவில்லை. அவனும் புரியாதவன்போல மேலாளரைப் பார்த்தான்.

கம்பெனி எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. கேள்வியை மறுபடி இயக்கிக் கொடுக்க நான் போசரி போனபோது அந்த நாற்காலியில் வேறொருவர் இருந்தார். பழையவரைப் பெட்டி கட்டும் பிரிவுக்கு அனுப்பிவிட்டார்களாம். தேடிப் போய்ப் பார்த்தேன். அவர் என்னைத் திட்டவில்லை. டீ சாப்பிடுகிறீர்களா என்றுதான் கேட்டார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று சாயங்காலம் வண்டியில் தம்பி வழக்கம்போல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். வாகட் நெருங்கும்போது மெதுவாக, "கோவமாக்கா? எனக்கு வேற வழி தெரியலக்கா. வேலை போயிருக்கும்" என்றான். வண்டியில் ஏறியதும் அக்கா திரும்ப வந்துவிட்டாள்.

எனக்குத் திட்டத் தெரியாமல் இல்லை. ஆனால் அதைக்கூட அவனிடம் தமிழில் சொல்ல மனம் வரவில்லை. என் நிறுத்தம் வந்ததும் எழுந்தேன். அவன் கால்கள் வழியை மறித்திருந்தன.

"ஜரா ஹட்டியே, முஜே உதர்னா ஹை" என்றேன் இந்தியில், கொஞ்சம் நகருங்கள், இறங்க வேண்டும் என்று முன்பின் தெரியாத சகபயணியிடம் கேட்பதுபோல. அவன் கால்களை ஒடுக்கிக்கொண்டு வழி விட்டான்.