பேட்டரிக்குக் காட்டிய தீக்குச்சி

யுத்த காலத்தில் நான் பருத்தி லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் பரளச்சியிலிருந்து அருப்புக்கோட்டைக்கு வரும்போது, சார்ஜ் காட்டும் மீட்டரில் முள் உச்சியிலேயே ஒட்டிக்கிடந்தது. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோ நன்றாக வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டேன். அது அளவுக்கு மீறி ஏற்றிப் பேட்டரியைக் கொதிக்க வைக்கிறது என்பது எனக்குத் தெரியவில்லை.

அழுகிய முட்டை நாற்றம் வந்த பிறகுதான் வண்டியை நிறுத்தினேன். பொழுது மங்கியிருந்தது. பேட்டரி மூடியைத் திறந்து, உள்ளே தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கத் தீக்குச்சி கிழித்தேன். கொதித்துக் கிளம்பியிருந்த வாயு பற்றிக்கொண்டது; பேட்டரி வெடித்துத் திராவகம் முகத்தில் அடித்தது. கண் போய்விட்டது என்று அலறினேன்.

"ஏப்பா, கையை எடு! கண்ணைக் கசக்காத!"

தண்ணீர் சுமந்து வந்த ஒரு பெண்ணின் குரல் அது. என் தலையைச் சாய்த்துப் பிடித்து, குடத்துத் தண்ணீரைக் கண்ணில் ஊற்றினாள்.

"பேட்டரியில தீக்குச்சி கொளுத்திப் பாத்தேன், தாயி."

"அது என்ன சாமியா, தீபம் காட்ட? நல்லா முழி."

அந்தப் பக்கத்தில் ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு இரண்டு மைல் நடக்க வேண்டும். "போதும் தாயி" என்றேன். வாய்தான் அப்படிச் சொன்னது; அவள் நிறுத்திவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

"போதுமான்னு ஒன் கண்ணு சொல்லட்டும்" என்று கடைசிச் சொட்டுவரை ஊற்றினாள்.

மெல்ல விழித்தேன். காலிக் குடத்தோடு வந்த வழியே திரும்பி நடக்கும் அவள் முதுகுதான் மங்கலாகத் தெரிந்தது.

அதன்பின் எத்தனையோ ஊர்களில் வண்டி ஓட்டிவிட்டேன். முள் உச்சிக்கு ஏறினால் இன்றும் உடனே வண்டியை ஓரங்கட்டிவிடுகிறேன். அன்று அவள் வீட்டில் எப்போது உலை வைத்தார்களோ என்றும் நினைத்துக்கொள்கிறேன்.